புல்வெளியில் பட்டினி

இறைச்சி மாடு வளர்க்கும் நாடுகளில் இன்று ஒரு கருத்து கேள்வி கேட்க முடியாத அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. மேய்ச்சல் மந்தைக்குத் துணைத்தீவனம் கொடுப்பதென்றால் அது இயற்கையானதாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. கடல்பாசித் தூள், ஆப்பிள் காடி, பூண்டு, டயட்டம் மண், பாறை உப்பு எல்லாம் நல்லவை. யூரியா, பாஸ்பேட், கோபால்ட் சல்பேட் எல்லாம் ரசாயனம், ஆகவே விலக்க வேண்டியவை. மாட்டுக்குத் தனக்கு எது தேவை என்று தெரியும், பத்துத் தொட்டியில் பத்து வகை வைத்தால் வேண்டியதை அதுவே தேடி நக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு பண்ணையாளர் பலர் இதை மனதார நம்புகிறார்கள். நம்மூரில் இயற்கை வேளாண்மையில் ஈடுபாடு கொண்டவர்கள் பலரும் கறவை மாட்டைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

அவர்களுடைய நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் கேட்கும் கேள்விதான் தவறு. ‘இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கிறார்கள். இந்த மண்ணில் முளைக்கும் புல்லில் எந்தச் சத்து குறைகிறது, இந்த மாட்டுக்கு அது நாளைக்கு எத்தனை கிராம் வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்? முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் மாடு மெலிந்துகொண்டே போகிறது. இறைச்சிக்குப் போகப்போகிற மாடுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரோடிருக்கும் வரை அதற்கும் பசி உண்டு, எலும்பு நோவு உண்டு.

வட ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். குயின்ஸ்லாந்தின் வடபகுதி, நார்தர்ன் டெரிட்டரி, மேற்கே கிம்பர்லி. உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணைகள் சில இங்கேதான் இருக்கின்றன. மாடுகளைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. திமிலும் அலைதாடியும் கொண்ட பிரமன் இனம் அது. நெல்லூர், கிர், குஜராத் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாகி 1933-இல் குயின்ஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. விதைத்து உருவாக்கிய மேய்ச்சல் நிலங்கள் பலவற்றில் வளர்ந்து நிற்பதோ, கொங்கு நாட்டுக் கொரங்காட்டில் காங்கேயம் மாடு மேயும் அதே கொழுக்கட்டைப் புல்.

அந்த மண் மிகப் பழையது. எண்ணற்ற யுகங்களாக மழையில் கரைந்து கரைந்து பாஸ்பரஸ் சத்தை இழந்துவிட்டது. கால்வெல் என்ற முறையில் மண்ணைச் சோதிக்கிறார்கள். ஒரு கிலோ மண்ணில் 5 மில்லிகிராமுக்குக் கீழே பாஸ்பரஸ் இருந்தால் அங்கே மேயும் மாட்டுக்குக் கடுமையான பற்றாக்குறை என்று பொருள். வடக்கின் பரந்த பரப்பு இந்தக் கணக்கில்தான் வருகிறது. மழைக்காலத்தில் அந்த நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும். ரசாயன உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, வேலிக்குள் அடைத்து வைப்பதும் கிடையாது. இதைவிட இயற்கையான மேய்ச்சலை எங்கே போய்த் தேடுவது? ஆனால் அந்தப் பச்சையின் நடுவில்தான் பசு பட்டினி கிடக்கிறது. பாஸ்பரஸ் குறைந்தால் முதலில் பசி மந்தமாகும். முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டு பசு பாதி வயிற்றுக்கே மேயும். கன்றுக்குப் பால் சுரக்கத் தன் எலும்பைக் கரைக்கும். உடம்பிலுள்ள பாஸ்பரஸில் 80 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது என்பதால் சில மாதம் அது தாங்கும். பிறகு கால்கள் விறைத்து, கட்டையை ஊன்றி நடப்பது போல நடக்கும். எலும்பு ஒடியும். அடுத்த சினை பிடிக்காது.

அந்த நிலையில் மாடு ஒரு காரியம் செய்யும். செத்த மாட்டின் எலும்பைத் தேடிப் போய்க் கடிக்கும்.

இதைத் தென்னாப்பிரிக்காவில் துல்லியமாக ஆராய்ந்தவர் ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை மருத்துவர். ஃப்ரைபர்க் நகருக்கு அருகில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் குழு வேலை செய்தது. அங்கே மாடுகள் ‘லாம்சீக்டே’ என்ற வாத நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தைலர் கண்ட காரணச் சங்கிலி இது: மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, ஆகவே புல்லில் இல்லை. ஆகவே மாடு எலும்பு தேடுகிறது. அழுகிய சதை ஒட்டிய எலும்பில் பாட்டுலிசம் கிருமியின் நஞ்சு இருக்கிறது. அதைக் கடித்த மாடு கால் விழுந்து சாகிறது. சுத்தம் செய்த எலும்புத் தூளைத் தீவனமாகக் கொடுத்தபோது மாடுகள் எலும்பு தேடுவதை விட்டன, எடை கூடின, சாவும் குறைந்தது. வட ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்கே பாட்டுலிசத்துக்குத் தடுப்பூசி போடுவது இன்றும் பண்ணையின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

‘மாட்டுக்குத் தெரியும்’ என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உப்புப் பசி உண்மையானது. சோடியம் குறைந்த மாடு உப்பைத் தேடிப் போய் நக்கும். பாஸ்பரஸ் இல்லாத மாடு எலும்பைத் தேடுவதும் உடம்பின் அறிவுதான். ஆனால் அந்த அறிவு அதை எங்கே கொண்டுபோய் விட்டது? நஞ்சிருக்கும் எலும்பிடம். செம்பு, கோபால்ட், செலினியம் போன்றவற்றில் இந்த அளவு அறிவும் கிடையாது. கோபால்ட் இல்லாமல் இளைத்துச் சாகும் மாடு கோபால்ட் தொட்டியைத் தேடிப் போவதில்லை. எதில் மொலாசஸ் மணம் அடிக்கிறதோ அங்கே போய் நிற்கும். பத்துத் தொட்டி வைத்துவிட்டுப் பொறுப்பை மாட்டின் தலையில் போடுவதை நான் இரக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். பற்றாக்குறை நிலத்தில் கன்றுக்குப் பாலூட்டும் ஒரு பசுவுக்கு மழைக்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் பாஸ்பரஸை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட அட்லாண்டிக் கரையில் அறுத்துக் காயவைத்து உலகெங்கும் விற்கப்படும் கடல்பாசித் தூளில் பாஸ்பரஸ் 0.1 முதல் 0.2 விழுக்காடுதான். 10 கிராம் கிடைக்க அந்தப் பசு 5 முதல் 10 கிலோ பாசித் தூள் தின்ன வேண்டும். விற்பவர் பரிந்துரைப்பதோ சில பத்துக் கிராம். மோனோ டைகால்சியம் பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் சுமார் 21 விழுக்காடு. 48 கிராம் கொடுத்தால் வேலை முடிந்தது. பாசித் தூளில் அயோடின் நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அயோடின் குறைந்த மண்ணில் அது பயன்படும். பாஸ்பரஸ் இல்லாத மாட்டுக்கு அயோடின் கொடுத்து என்ன பயன்?

ஆப்பிள் காடியும் இப்படித்தான். காடியில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 விழுக்காடு. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 30 மில்லி ஊற்றினால் ஒன்றரை கிராம் அமிலம் உள்ளே போகும். அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையோ, புல்லை நொதிக்க வைத்து, அதே அசிட்டிக் அமிலத்தைத் தினமும் கிலோ கணக்கில் தானே உண்டாக்குகிறது. அதை எரித்துத்தான் மாடு உயிர் வாழ்கிறது. அந்தக் கிலோக்களின் நடுவில் நம் ஒன்றரை கிராம் என்ன செய்யும்? டயட்டம் மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கூரிய துகள்கள் குடற்புழுவைக் கிழித்துவிடும் என்கிறார்கள். மாட்டு வயிற்றின் ஈரத்தில் அது நடக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அதை நம்பிப் புழுநீக்க மருந்தை நிறுத்தியவரின் கன்றுகள்தான் பாவம்.

‘பயன் குறைவாக இருக்கலாம், ஆபத்தில்லையே’ என்பார்கள். இயற்கை என்றால் பாதுகாப்பு என்ற இந்த நினைப்பைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்க விரும்புகிறேன்.

பாஸ்பரஸுக்கு நிலத்திலிருந்தே வெட்டியெடுக்கும் ராக் பாஸ்பேட் இருக்கிறதே, ஆலைச் சரக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாறையில் பொதுவாக 3 முதல் 4 விழுக்காடு ஃபுளோரின் இருக்கிறது. அப்படியே தொடர்ந்து தின்னக் கொடுத்தால் மாட்டின் பல்லில் கறை படியும், பல் தேயும், மூட்டு இறுகி நொண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்த நோயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அங்கே எந்த ஆலையும் கலக்காமல், பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் கரைந்து வந்த ஃபுளோரைடுதான் தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் தின்றது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பாறைப் பாஸ்பேட்டிலிருந்து ஃபுளோரினை நீக்கி மாட்டுக்கு ஏற்றதாக ஆக்குவது ஆலை. இங்கே ரசாயனத் தொழில்நுட்பம் நஞ்சை நீக்கும் வேலையைச் செய்கிறது.

எலும்புத் தூளின் பிற்காலக் கதை இன்னும் கொடியது. தைலரின் காலத்தில் உயிர் காத்த பொருள் அது. பிற்பாடு கசாப்புக் கழிவை உருக்கிச் செய்த இறைச்சி எலும்புத் தூள் புரதத்துக்காக மாட்டுத் தீவனத்தில் கலக்கப்பட்டது. 1986-இல் பிரிட்டனில் ‘பைத்திய மாட்டு நோய்’ அடையாளம் காணப்பட்டது. 1988-இல் அசைபோடும் விலங்கின் புரதத்தை அசைபோடும் விலங்குக்கே கொடுப்பதைத் தடை செய்தார்கள். அதற்குள் நோய் பரவிவிட்டது. அந்த நாட்டில் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. அது மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று 1996 மார்ச்சில் அரசு ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 170-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆஸ்திரேலியா 1997-இல் அந்தத் தூளை மாட்டுத் தீவனத்திலிருந்து சட்டப்படி விலக்கியது.

இயற்கைத் தீவன ஆதரவாளர்கள் இந்த நோயைத் தங்கள் பக்கச் சாட்சியாக எப்போதும் அழைப்பார்கள். தீவனத் தொழிலை நம்ப முடியாது என்பதற்குச் சாட்சியாக அழைத்தால் நானும் அவர்களோடு நிற்பேன். புல் தின்னும் விலங்குக்கு அதன் இனத்தின் கழிவையே ஊட்டியது பேராசையால் நேர்ந்த குற்றம். ஆனால் அந்தத் தூளில் ஒரு துளி செயற்கை ரசாயனம் கிடையாது. எலும்பு, சதை, கொழுப்பு, அவ்வளவுதான். ‘செயற்கை வேண்டாம்’ என்ற வடிகட்டி மட்டும் நம் கையில் இருந்திருந்தால் அது தடையின்றி உள்ளே போயிருக்கும். அதே வடிகட்டி பாறையிலிருந்து ஆலையில் செய்த டைகால்சியம் பாஸ்பேட்டை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். அந்தப் பாஸ்பேட்டாலோ யாருக்கும் மூளை அழுகவில்லை.

செடிகளுக்கும் இது பொருந்தும். நாம் சவுண்டல் என்றும் சுபாபுல் என்றும் சொல்லும் மரம் குயின்ஸ்லாந்தில் இறைச்சி மாட்டுக்கு மிகச் சிறந்த தீவனங்களில் ஒன்று. இலையில் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேல். வரிசையாக நட்டு இடையில் புல் வளர்த்து மாட்டை விட்டுவிடுகிறார்கள். துணைத்தீவனம் வாங்கும் செலவையே அது பெருமளவு குறைக்கிறது. நானும் அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த இலையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் சவுண்டல் மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துக் கழலை வந்தது, எடை ஏறவில்லை. ஹவாயிலும் இந்தோனேசியாவிலும் அதே இலையை அசைபோடும் விலங்குகள் காலங்காலமாகத் தின்று நலமாக இருந்தன.

டவுன்ஸ்வில்லில் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். ஹவாய், இந்தோனேசிய விலங்குகளின் வயிற்றில் இந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருக்க வேண்டும், ஆஸ்திரேலிய மாடுகளிடம் அது இல்லை என்று வாதிட்டார். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரிலிருந்து அந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து மாடுகளுக்குள் செலுத்தினார். நஞ்சு அடங்கியது. அவரது பெயராலேயே ஒரு பாக்டீரியா ‘சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை’ என்று அழைக்கப்படுகிறது. இன்றும் குயின்ஸ்லாந்து அரசு அந்த நுண்ணுயிர்க் கலவையைத் தொட்டியில் வளர்த்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கிறது. சவுண்டல் இயற்கை, மிமோசினும் இயற்கை, அதை உடைக்கும் பாக்டீரியாவும் இயற்கை. இந்த மூன்றில் எது மாட்டுக்கு நல்லது, எது கெட்டது என்று ‘இயற்கை’ என்ற சொல்லால் சொல்ல முடியுமா? ஜோன்ஸின் வேலையால்தான் முடிந்தது. நம்மூர்க் கால்நடை மருத்துவர்கள் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் வேண்டாம் என்று சொல்வதும் இந்த மிமோசினை மனத்தில் வைத்துத்தான்.

இப்போது யூரியா. இதைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் அதிகம். வயலுக்குப் போடும் உரத்தை மாட்டுக்குக் கொடுப்பதா என்பார்கள்.

வட ஆஸ்திரேலியாவில் மழை நின்றதும் புல் காய்ந்து புரதம் 3, 4 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 6, 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் வேலை செய்யாமல் சோர்ந்துவிடும். வயிறு நிறைய வைக்கோல் இருந்தும் செரிக்காது. அந்த நுண்ணுயிர்களுக்குத் தேவை நைட்ரஜன். யூரியாவில் அது 46 விழுக்காடு. அவை யூரியாவை அம்மோனியாவாக உடைத்துத் தம் உடம்புப் புரதமாக மாற்றுகின்றன. பிறகு மாடு அந்த நுண்ணுயிர்களையே செரித்துக்கொள்கிறது. பின்லாந்தின் ஆர்த்துரி விர்த்தானென், 1945-இல் வேதியியல் நோபல் பெற்றவர், 1960-களில் யூரியாவையும் அம்மோனியம் உப்புகளையும் மட்டுமே நைட்ரஜன் மூலமாகக் கொடுத்துப் பசுக்களை வளர்த்துக் காட்டினார். அவை கன்று ஈன்றன, பால் கறந்தன.

இதில் அந்நியம் எங்கே இருக்கிறது? மாட்டின் கல்லீரல் தினமும் யூரியா செய்கிறது. அதில் ஒரு பகுதி எச்சில் வழியாகத் திரும்ப இரைப்பைக்கே போகிறது. பஞ்ச காலத்தில் மாடு உயிர் தப்புவது இந்தச் சுழற்சியால்தான். ஆலை யூரியாவின் மூலக்கூறுக்கும் எச்சில் யூரியாவின் மூலக்கூறுக்கும் ஒரு அணுவளவும் வேறுபாடில்லை. உயிரிலிருந்து வரும் பொருள் வேறு, ஆய்வகத்தில் செய்யும் பொருள் வேறு என்ற பழைய நம்பிக்கையை 1828-இல் ஃபிரெடரிக் வோலர் ஆட்டம் காணச் செய்தது வேறெந்தப் பொருளாலும் அல்ல, யூரியாவை ஆய்வகத்தில் செய்து காட்டித்தான். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும் மாட்டுத் தொட்டியின் அருகில் நின்று அதே வழக்கை நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

யூரியா கொல்லும் என்பதும் உண்மை. அதை மறைப்பவன் நேர்மையற்றவன். பசித்த மந்தை ஒரேயடியாக நக்கினால் சாகும். யூரியா கலந்த உப்புக்கட்டி வைத்த தொட்டியில் மழைநீர் தேங்கி யூரியா கரைந்து, அதை மாடு குடித்தால் சில மணி நேரத்தில் சாகும். அதனால்தான் தொட்டிக்குக் கூரையும் வடிகால் துளையும் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், கந்தகம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். குயின்ஸ்லாந்தின் கரும்பாலைகளிலிருந்து வரும் மொலாசஸில் 8 விழுக்காடு யூரியா கலந்து வறட்சியில் கொடுக்கும் முறை பல மந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே மொலாசஸ் இயற்கை, யூரியா செயற்கை. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொடுத்தால் இரண்டும் உருப்படாது. யூரியா நஞ்சேறிய மாட்டுக்கு முதலுதவியாக ஊற்றுவது காடிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மாட்டுக்கு லிட்டர் கணக்கில் ஊற்ற வேண்டும். அந்த அளவில் காடி மருந்து. தேக்கரண்டி அளவில் அது விற்பனைச் சரக்கு.

இயற்கைப் பொருள் பயன்தரும் இடத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. நியூசிலாந்தின் வடதீவில் எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களில் மாடும் ஆடும் நல்ல புல் மேய்ந்தபடியே இளைத்து இளைத்துச் செத்தன. வேறு நிலத்துக்கு ஓட்டிப்போனால் தேறின. இரும்புச் சத்து குறைவு என்று அரசின் வேளாண் வேதியியலர் ஆஸ்டன் முடிவு செய்தார். லிமோனைட் என்ற இரும்புத் தாதுமண்ணை நக்கக் கொடுத்தார்கள். மாடுகள் பிழைத்தன! இயற்கைத் தீவனக் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் ஓரிடத்து லிமோனைட் பலன் தந்தது, வேறிடத்து லிமோனைட் தரவில்லை. ஏன்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற சிற்றூரைச் சுற்றி இதே நோய் இருந்தது. எரிக் அண்டர்வுட்டும் ஜான் ஃபில்மரும் அந்த ‘ஏன்’ என்ற கேள்வியை விடவில்லை. லிமோனைட்டிலிருந்து இரும்பை முழுக்க நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் விலங்குகள் தேறின. அப்படியானால் இரும்பு காரணமில்லை. மீதியைப் பிரித்துப் பிரித்துத் தேடி 1935-இல் கோபால்ட்டைக் கண்டார்கள். தாதுமண்ணில் மாசாக ஒட்டியிருந்த அந்த உலோகத்தின் நுண்ணளவுதான் உயிர் காத்தது. அதே காலத்தில் அடிலெய்டில் மார்ஸ்டனின் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவு போதும். 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டபோது அதன் நடுவில் கோபால்ட் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே நியூசிலாந்தில் கோபால்ட் கலந்த சூப்பர் பாஸ்பேட்டைப் புல்வெளியில் தூவத் தொடங்கிவிட்டார்கள். மாடு வாழாது என்று கைவிடப்பட்ட நிலம் மேய்ச்சல் நிலமானது. தாதுமண் இயற்கையானது, பலன் தருகிறது என்று அவர்கள் அங்கேயே நின்றிருந்தால், தவறான குழியிலிருந்து மண் வாங்கிய பண்ணையாளரின் மாடுகள் இன்றும் செத்துக்கொண்டிருக்கும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் ஒன்று உண்டு. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனத்தைப் பரப்பியது யார், அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் அவற்றை வளர்ச்சி ஊக்கியாகக் கலப்பதைத் தடை செய்ததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 1948-இல் உலகுக்குத் தெரியவந்த குளோர்டெட்ராசைக்ளின் எங்கிருந்து கிடைத்தது? மிசௌரி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து. அதை விலக்க வேண்டிய காரணம் அது மருத்துவமனையில் நமக்கே வேண்டிய மருந்து என்பதுதான். இயற்கையா செயற்கையா என்ற சோதனை அதை விலக்கியிருக்காது.

மீத்தேன் விவகாரமும் இப்படியே போகிறது. மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேனைக் குறைக்க அஸ்பராகாப்சிஸ் என்ற செந்நிறக் கடல்பாசியை ஆஸ்திரேலியாவில் முன்னிறுத்துகிறார்கள். இயற்கை என்பதால் வரவேற்பு. அதே மீத்தேனைக் குறைக்கும் போவேர் என்ற ஆலைத் தயாரிப்பை பிரிட்டனில் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாக 2024 இறுதியில் அறிவித்ததும் பாலைச் சாக்கடையில் கொட்டிப் படம் பிடித்துப் பரப்பினார்கள். பாசியில் வேலை செய்யும் பொருள் புரோமோஃபார்ம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. பெர்த்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அதே புரோமோஃபார்மை ஆலையில் செய்கிறது. பாசியிலிருந்து வந்தால் வரவேற்பு, குழாயிலிருந்து வந்தால் எதிர்ப்பு. மாட்டின் கல்லீரலும் பால்மடியும் இந்த வேறுபாட்டை அறியா. எத்தனை மில்லிகிராம் போகிறது, பாலிலும் இறைச்சியிலும் எவ்வளவு தங்குகிறது என்று இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும்.

உப்புக்கட்டி விற்கும் கம்பெனிகளுக்காக நான் வாதாடுகிறேன் என்று யாரேனும் நினைத்தால், குயின்ஸ்லாந்தின் நடுவே விரியும் மிட்செல் புல் கரிசல் வெளிகளைப் பார்க்கட்டும். அந்த மண்ணில் பாஸ்பரஸ் பொதுவாகப் போதுமான அளவு இருக்கிறது. அங்கே பாஸ்பேட் கட்டி வாங்குவது பணத்தை மண்ணில் கொட்டுவது. வடக்கின் பற்றாக்குறை நிலத்தில்கூட, பல பண்ணைகளில் வறண்ட காலத்தில் பாஸ்பரஸ் கொடுத்துவிட்டு மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள், பாதை சேறாகி வண்டி போகாது என்பதால். மாட்டுக்கு அது அதிகம் தேவைப்படுவது புல் பச்சையாக இருந்து உடம்பு வளரும் மழைக்காலத்தில். மழைக்கு முன்பே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நார்தர்ன் டெரிட்டரியில் கிட்மன் ஸ்பிரிங்ஸ் ஆராய்ச்சிப் பண்ணையில் பிரமன் கிடேரிகளை இரண்டாகப் பிரித்து, மற்றதெல்லாம் ஒன்றாக வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பசுக்கள் எடையில் கூடின, அவற்றின் கன்றுகள் கனமாக இருந்தன, மறுசினை அதிகம் பிடித்தது, சாவு குறைந்தது. இரண்டு பிரிவும் மேய்ந்தது ஒரே இயற்கைப் புல்தான்.

நம்மூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தாது உப்புக் கலவையைக்கூட ‘கெமிக்கல்’ என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், இயற்கை என்ற பச்சை எழுத்தைப் பார்த்ததும் கை நீட்டும் பண்ணையாளருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வாங்கும் முன் மண்ணைச் சோதியுங்கள், முடிந்தால் மாட்டின் ரத்தத்தையும் சோதியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்று வந்தால் ஒன்றும் வாங்காதீர்கள். குறை இருந்தால், அந்தச் சத்து இந்த மூட்டையில் எத்தனை விழுக்காடு, ஒரு மாட்டுக்கு நாளைக்கு எத்தனை கிராம், ஒரு கிராம் சத்துக்கு என்ன விலை என்று விற்பவரிடம் கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம், அவர் கடல்பாசி விற்றாலும் சரி, பாஸ்பேட் விற்றாலும் சரி, வாங்காமல் திரும்பிவிடுங்கள்.